ஐஸ் வரவில்லையா? பிரிட்ஜைத் திட்டும் முன் மொட்டைமாடித் தொட்டியைப் பாருங்கள்

கதவில் கிளாஸை வைத்து அழுத்தினால் ஐஸ் கொட்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அந்த இரட்டைக் கதவு பிரிட்ஜை வாங்கினோம். சேலத்து வெயிலுக்கு அது ஆடம்பரம் இல்லை என்று வீட்டில் வாதாடியதே நான்தான். முதல் கோடையிலேயே மெக்கானிக் மூன்று முறை வந்து போனார். ஒரு தடவை ஃபில்டர், அடுத்த தடவை வால்வு, மூன்றாவது தடவை ஐஸ் மேக்கரையே முழுசாக மாற்றினார். ஒவ்வொரு தடவையும் பத்து நாள் ஓடும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. கடைசியில் ஆர்.ஓ. சர்வீஸுக்கு வந்த பையன் பிரிட்ஜைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டான்: "அக்கா, உங்க டேங்க் எத்தனை அடி உயரத்துல இருக்கு?"

அந்தக் கேள்விக்கு அப்புறம் எங்கள் வீட்டிலும், தெருவில் நான்கைந்து வீட்டிலும், ஏற்காட்டில் என் அக்கா நடத்தும் ஹோம்ஸ்டேயிலும் இதே தொல்லையைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சரி செய்திருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. எங்கே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்பதையும் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

## கை வைக்கும் முன்

உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். பின்னால் கால் இன்ச் வெள்ளை டியூப் வந்து இணைந்தால் அது குழாய் இணைப்பு வகை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதற்குத்தான். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நாமே தண்ணீர் ஊற்றும் வகை என்றால் பிரஷர் பிரச்சினையே கிடையாது. அந்தத் தொட்டி கடைசி வரை 'டக்' என்று உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

மூடியைக் கழற்றுவது, ஐஸ் மேக்கரைத் தொடுவது எதுவானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். கதவில் இருக்கும் பட்டனை அணைத்தால் போதாது. பின்னால் தண்ணீர் வரும் சின்னக் குழாயையும் மூடிவிடுங்கள். தேவைப்படும் சாமான்கள் சாதாரணமானவை: ஃப்ரீசரில் வைக்கும் தெர்மாமீட்டர், 200 மில்லி கிளாஸ், டார்ச், பெரிய துண்டு, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச். மல்டிமீட்டர் இருந்தால் நல்லது.

## அறிகுறி: ஐஸ் சின்னதாக, குழிவாக, அப்பளம்போல் மெல்லிசாக வருகிறது

இதையே முதலில் சொல்லக் காரணம், நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் ஆரம்பித்தது. இன்று சின்ன ஐஸ், அடுத்த மாதம் ஐஸே இல்லை, அதற்கடுத்த மாதம் டியூப் உறைந்து அடைப்பு. மூன்றும் ஒரே நோயின் மூன்று கட்டங்கள்.

முதலில் காசில்லாத சோதனை. கதவில் தண்ணீரும் வரும் மாடல் என்றால் 200 மில்லி கிளாஸை வைத்து அழுத்தி, நிரம்ப எவ்வளவு நேரம் என்று பாருங்கள். என் கணக்கில் பத்து, பன்னிரண்டு விநாடி என்றால் நிம்மதி. இருபதைத் தாண்டினால் தண்ணீர் போதாது. இதையே காலை ஏழு மணிக்கு, வீட்டில் இரண்டு பேர் குளிக்கும்போது ஒரு முறையும் ராத்திரி பத்து மணிக்கு ஒரு முறையும் செய்யுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் குறை பிரிட்ஜில் இல்லை.

தண்ணீர் மெதுவாக வந்தால் இந்த வரிசையில் போங்கள்.

பின்னால் இருக்கும் சின்னக் குழாய் முழுசாகத் திறந்திருக்கிறதா? வேலைக்காரம்மா கூட்டும்போது பிரிட்ஜைச் சுவரோடு தள்ளி, டியூப் மடங்கிக் கிடக்கிறதா? எங்கள் எதிர்வீட்டில் அதுதான் நடந்தது. இரண்டு நிமிட வேலைக்கு அவர்கள் ஒரு விசிட்டிங் சார்ஜ் கொடுத்திருந்தார்கள்.

அடுத்தது ஃபில்டர். பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள். நீங்கள் கொடுப்பது மேட்டூர்த் தண்ணீரா, போர் தண்ணீரா என்பதைப் பொறுத்து அது நான்கு மாதமாகவும் ஆகலாம். பக்கெட்டிலும் ஷவரிலும் வெள்ளையாகப் படியும் தண்ணீர் ஃபில்டரை மட்டும் விட்டுவைக்குமா? சோதனை எளிது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு அதோடு கொடுத்த பைபாஸ் மூடியைப் போட்டுக் கிளாஸை மறுபடி நிரப்பிப் பாருங்கள். சில மாடல்களில் ஃபில்டரைக் கழற்றினாலே தண்ணீர் தானாக நேர்வழியில் போகும். வேகம் கூடினால் ஃபில்டர்தான் குற்றவாளி. புதிதாகப் போட்டதும் பத்துப் பதினைந்து லிட்டர் தண்ணீரை வெளியே விட்டு, முதலில் வரும் இரண்டு மூன்று ஈடு ஐஸையும் கொட்டிவிடுங்கள்.

ஃபில்டர் இல்லாமலும் மெதுவாகத்தான் வருகிறதா? சரி, இப்போது மொட்டைமாடிக்கு ஏறுங்கள்.

பெரும்பாலான கையேடுகளில் தண்ணீர் அழுத்தம் 20 முதல் 120 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். தெருக்குழாயிலிருந்து நேராக அழுத்தத்தோடு தண்ணீர் வரும் ஊர்களுக்காகச் செய்த கணக்கு அது. நம் ஊரில் கார்ப்பரேஷன் தண்ணீர் சம்ப்புக்கு வந்து, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து தானாக இறங்குகிறது. அப்படி இறங்கும் தண்ணீருக்கு ஓர் அடி உயரத்துக்கு 0.43 பி.எஸ்.ஐ.தான் கிடைக்கும். எங்கள் வீட்டில் சமையலறை கீழ்த்தளம், மேலே ஒரு மாடி, அதற்கு மேல் தொட்டி. பிரிட்ஜின் பின்புறம் தண்ணீரைத் திறந்து மூடும் வால்விலிருந்து தொட்டித் தண்ணீர் மட்டம் வரை 25 அடி. பெருக்கினால் 11 பி.எஸ்.ஐ.கூடத் தேறவில்லை. 20 வேண்டுமானால் தொட்டி 46 அடிக்கு மேல் நிற்க வேண்டும்.

அடுக்குமாடியில் வேடிக்கை இன்னும் அதிகம். ஒரே மாடல் பிரிட்ஜ், ஒரே கடை, ஒரே நாளில் டெலிவரி. கீழ் வீட்டில் ஐஸ் கொட்டும், தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல் வீட்டில் ஒன்றும் வராது. மேல் வீட்டுக்காரர் தனக்குக் கெட்ட பீஸைத் தள்ளிவிட்டார்கள் என்று கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்.

தீர்வு என்ன? பிரிட்ஜுக்குப் போகும் டியூபுக்கு மட்டும் ஒரு குட்டி பிரஷர் பம்ப். ஆர்.ஓ. சாமான் விற்கும் கடையில் பிரஷர் ஸ்விட்சோடு, தானாக நிற்கும் பம்ப் என்று கேளுங்கள். 40 பி.எஸ்.ஐ. வாக்கில் நிற்பது போதும். ஸ்விட்ச் இல்லாத வெறும் பம்பை வாங்கிவிடாதீர்கள், அது ஓடிக்கொண்டே இருந்து சூடேறிச் சாகும். பம்ப் போட்ட அன்று எல்லா இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். 11 பி.எஸ்.ஐ.யில் ஒழுகாத இணைப்பு 40-ல் ஒழுகும்.

"வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே, அதிலிருந்து கொடுத்துவிடலாமே" என்று எல்லோரும் கேட்கிறார்கள். சுவரில் மாட்டி, அடியில் குழாய் திருகிப் பிடிக்கும் வகை என்றால் அந்தத் தொட்டிக்கும் பிரிட்ஜ் வால்வுக்கும் மூன்றடி வித்தியாசம். ஒன்றரை பி.எஸ்.ஐ.கூட வராது, அங்கேயும் பம்ப் வேண்டும். சிங்க்குக்கு அடியில் காற்றழுத்தத் தொட்டியோடு வரும் வகை என்றால் பரவாயில்லை. ஆனால் தொட்டி காலியாகக் காலியாக அழுத்தமும் இறங்கும், விருந்தாளி வந்த அன்று ஐஸ் இளைக்கும். ஆர்.ஓ. தண்ணீர் கொடுப்பதானால் பிரிட்ஜின் சொந்த ஃபில்டருக்குப் பதில் பைபாஸ் மூடியைப் போட்டுவிடலாம். ஏற்கெனவே வடிகட்டிய தண்ணீரை இன்னொரு முறை வடிகட்டி இருக்கும் அழுத்தத்தையும் இழப்பானேன்?

அக்கா வீட்டில் 20 லிட்டர் கேனில் ஒரு பம்பை இறக்கி, அதிலிருந்து பிரிட்ஜுக்கு டியூப் விட்டிருக்கிறோம். கேன் காலியாவதைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் அதில் ஒரே குறை.

## அறிகுறி: ஐஸே உருவாகவில்லை

புதிதாக வைத்தது என்றால், அல்லது நேற்றுதான் கரண்ட் போய் வந்தது என்றால் 24 மணி நேரம் பொறுங்கள். அதற்குள் திறந்து திறந்து பார்த்தால் இன்னும் தாமதமாகும்.

அப்புறம் ஐஸ் மேக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். கதவில் 'ஐஸ் ஆஃப்' பட்டனைப் பேரன் அழுத்திவைத்திருப்பான். ஐஸ் மேக்கரின் பக்கத்தில் வளைந்த கம்பி ஒன்று உள்ள மாடலில், கம்பி மேலே தூக்கி நின்றால் 'பெட்டி நிறைந்துவிட்டது' என்று அர்த்தம், ஐஸ் செய்யாது. உறைந்த பட்டாணிப் பொட்டலம் ஒன்று அந்தக் கம்பியைத் தாங்கிக்கொண்டிருந்ததை நானே கண்டுபிடித்திருக்கிறேன்.

ஃப்ரீசர் போதுமான குளிரில் இருக்கிறதா? தெர்மாமீட்டரை இரண்டு உறைந்த பொட்டலங்களுக்கு நடுவே ராத்திரி வைத்து, காலையில் கதவைத் திறந்ததும் பாருங்கள். மைனஸ் 18 இருக்க வேண்டும். மைனஸ் 12-க்கு மேலே ஏறி நின்றால் தட்டில் தண்ணீர் உறைந்தாலும் ஐஸ் மேக்கர் அதைத் தள்ளாமல் உட்கார்ந்திருக்கும்.

இங்கே சேலமும் ஏற்காடும் எதிரெதிர். பிரிட்ஜின் உள்பக்க ஸ்டிக்கரில் கிளைமேட் கிளாஸ் என்று ஒரு குறி இருக்கும். 'டி' என்றால் அறை வெப்பம் 16 முதல் 43 டிகிரி வரை, 'எஸ்.டி.' என்றால் 16 முதல் 38 வரை, 'என்' என்றால் 16 முதல் 32 வரைதான் தாங்கும். சித்திரை வெயிலில் சேலத்தில் வெளியே 40-ஐத் தொடும் நாளில், ஜன்னல் மூடிய சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் 'எஸ்.டி.' பிரிட்ஜை வைத்திருந்தால் பாவம் அது என்ன செய்யும்? பின்னால் நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள், அடியில் உள்ள தூசியைத் தட்டுங்கள், ஃப்ரீசர் காற்றுத் துவாரத்தை மாவு டப்பாவால் அடைக்காதீர்கள்.

ஏற்காட்டில் தலைகீழ். மார்கழி, தை ராத்திரியில் அறையே 16 டிகிரிக்குக் கீழே போய்விடுகிறது. காய்கறி, பால் வைக்கும் கீழ்ப்பகுதி தானாகவே குளிர்ந்து கிடப்பதால் கம்ப்ரசர் 'வேலை முடிந்தது' என்று ஓடாமல் நிற்கிறது, ஃப்ரீசர் மைனஸ் 18-க்குப் போவதில்லை. இரண்டு பகுதிக்கும் தனித்தனிக் குளிரூட்டல் உள்ள மாடல்களில் இந்தத் தொல்லை குறைவு. குளிருகிற ஊரில் ஐஸ் வரவில்லை என்றால் யாரும் நம்புவதில்லை. அக்கா போன் செய்து, "ஏய், இங்க எனக்கே பல்லு கிட்டுது, இந்த மெஷினுக்கு மட்டும் ஐஸ் வரலடி" என்றபோது நானும் சிரித்தேன். வராண்டாவில் இருந்த பிரிட்ஜை உள்ளே, சமையலறை ஓரத்துக்கு மாற்றி, ஃப்ரீசர் செட்டிங்கை இரண்டு படி கூடுதல் குளிருக்கு வைத்தோம். இரண்டாம் நாள் ஐஸ் விழுந்தது.

செட்டிங் சரி, இடம் சரி, ஆனாலும் குளிர் வரவில்லை. ஃப்ரீசரின் பின்சுவரில் பனி மொத்தையாகப் படிந்திருக்கிறது என்றால் பனி உருக்கும் ஹீட்டரோ சென்சாரோ போயிருக்கும். அங்கே நிறுத்துங்கள், மெக்கானிக் வேலை.

குளிர் இருக்கிறது, தட்டில் என்ன இருக்கிறது? பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஐஸ் பெட்டியை எடுத்து, மேலே டார்ச் அடித்துப் பாருங்கள்.

தட்டு காய்ந்து கிடந்தால் தண்ணீர் வரவில்லை. கதவில் தண்ணீரும் வரவில்லை என்றால் மேலே சொன்ன குழாய், ஃபில்டர், அழுத்தம் என்ற வரிசைக்குப் போங்கள். கதவில் தண்ணீர் நன்றாக வந்து, தட்டு மட்டும் காய்ந்திருந்தால் தட்டுக்குப் போகும் டியூப் உறைந்திருக்கலாம் (அடுத்த தலைப்பு), அல்லது வால்வைத் திறக்கும் மின்சுருளில், அதாவது காயிலில், ஐஸுக்கானது போயிருக்கலாம். பல பிரிட்ஜுகளில் ஒரே வால்வில் தண்ணீருக்கு ஒன்று, ஐஸுக்கு ஒன்று என இரண்டு காயில் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய நிலையில் அந்தக் காயிலின் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்துப் பாருங்கள். ஏதாவது ஓர் எண் வந்தால் உயிர் இருக்கிறது, ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. வால்வை மாற்ற வேண்டும்.

தட்டில் ஐஸ் நிறைந்து, கீழே தள்ளாமல் நின்றால் அதன் மோட்டாரோ வெப்ப உணரியோ பழுது. பல மாடல்களில் ஐஸ் மேக்கரின் அடியிலோ பக்கத்திலோ சோதனைப் பட்டன் இருக்கும். பிளக்கை மறுபடி போட்டு, அதைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். தட்டு திரும்பினால் மோட்டார் நன்றாக இருக்கிறது. அசைவே இல்லை என்றால் ஐஸ் மேக்கரை மொத்தமாகத்தான் மாற்றுவார்கள், செலவு சில ஆயிரங்கள். ஆகவே அந்த முடிவுக்கு வரும் முன் மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் மாற்றியவள்.

## அறிகுறி: டியூப் உறைந்து அடைத்துக்கொள்கிறது, உருக்கினால் மறுவாரம் மறுபடியும்

ஐஸ் மேக்கரின் பின்பக்கம் தண்ணீர் வந்து விழும் முனையில் வெள்ளையாக ஒரு குச்சி ஐஸ் தெரியும். பிளக்கைப் பிடுங்கி, கீழே துண்டு விரித்து, சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் வெடிக்கும். ஸ்க்ரூடிரைவர், கத்தி, கம்பி எதையும் விட்டுக் குத்தவே கூடாது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரே ஒரு தடவை அடைத்தது என்றால் விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்ப அடைத்தால் வால்வு முழுசாக மூடாமல் சொட்டுகிறது என்று பொருள். அந்தச் சொட்டுதான் டியூபிலேயே உறைகிறது. வால்வு இறுக்கமாக மூடுவதற்கும் தண்ணீரின் அழுத்தமே வேண்டும். அழுத்தம் குறைந்தால் திறந்தபோது குறைவாக விடும், மூடும்போது ஒழுங்காக மூடாது. எங்கள் மெக்கானிக் வால்வை மாற்றியும் பத்தே நாளில் பழையபடி ஆனதன் ரகசியம் இதுதான்.

எந்தப் பக்கம் குறை என்று பிரிக்க ஓர் அழகான சோதனை உண்டு. டியூபை உருக்கி முடித்ததும் தண்ணீர்க் குழாயைத் திறந்து வையுங்கள், பிளக்கை மட்டும் போடாதீர்கள். அரைமணி நேரம் கழித்துத் தட்டைப் பாருங்கள். கரண்டே இல்லாமல் தண்ணீர் சொட்டியிருந்தால் வால்வு ஒழுகுகிறது. மண் சிக்கியிருக்கலாம், ரப்பர் தேய்ந்திருக்கலாம், அழுத்தம் போதாமல் இருக்கலாம். அழுத்தத்தைச் சரிசெய்துவிட்டு வால்வின் வாயில் உள்ள சல்லடையைக் கழுவிப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் புது வால்வு. மாறாக, பிளக் இல்லாதபோது காய்ந்திருந்து, பிளக் போட்டதும் அளவுக்கு மீறித் தண்ணீர் வந்தால் தப்பான உத்தரவு கொடுப்பது ஐஸ் மேக்கரோ, பிரிட்ஜை இயக்கும் மின்னணு போர்டோதான். மெக்கானிக்.

ஏற்காட்டில் மழைக்கு அப்புறம் கிணற்றிலும் ஊற்றிலும் தண்ணீர் செந்நிறமாகக் கலங்கி வரும். அங்கே அந்தச் சல்லடைதான் முதலில் அடைக்கும். தொட்டிக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் மண் பிடிக்கும் பஞ்சு ஃபில்டர் ஒன்றைப் போட்டுவிடுங்கள். பிரிட்ஜ் ஃபில்டர் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

## அறிகுறி: பெட்டியில் ஐஸ் இருக்கிறது, அழுத்தினால் வரவில்லை

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இங்கே சத்தம்தான் சாட்சி.

சத்தமே இல்லை. சைல்டு லாக் போட்டிருக்கிறதா? ஃப்ரீசர் கதவு முழுசாக மூடியிருக்கிறதா? கதவு திறந்திருந்தால் டிஸ்பென்சர் ஓடாது, அது பாதுகாப்புக்காக. கதவைத் திறந்து, சட்டத்தில் இருக்கும் சின்ன ஸ்விட்சை விரலால் அழுத்துங்கள். உள்ளே விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் ஸ்விட்ச் கெட்டிருக்கிறது, சின்னச் செலவு. அப்படி அழுத்திக்கொண்டே ஐஸ் பெட்டிக்குள் கையை விடாதீர்கள், சுருள் கம்பி திடீரென்று சுழன்றால் விரல் போய்விடும். அடுத்து கிளாஸ் வைத்து அழுத்தும் நெம்புகோலின் பின்னால் 'டிக்' கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் அங்கிருக்கும் மைக்ரோ ஸ்விட்ச். எல்லாம் சரி, ஆனாலும் மௌனம் என்றால் மோட்டாரோ, கதவுக் கீல் வழியாகப் போகும் ஒயர் அறுந்திருப்பதோ காரணம். வெளியாள் வேலை.

'உம்ம்ம்' என்ற முனகல் மட்டும் கேட்கிறது. பெட்டிக்குள் ஐஸ் ஒரே பாறை. கையை எடுங்கள், அழுத்திக்கொண்டே இருந்தால் மோட்டார் கருகும்.

நம் ஊரில் இதற்கு மாதம் ஒரு முறை நாள் குறித்துவிடுகிறார்கள். பராமரிப்புப் பணி என்று காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்ட் மதியமோ சாயங்காலமோதான் வரும். அதற்குள் ஐஸின் மேல்தோல் உருகும், கரண்ட் வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டி உறையும். பெட்டியை வெளியே எடுத்து சிங்க்கில் கவிழ்த்து, எல்லாவற்றையும் உருக்கிக் கொட்டுங்கள். பாறையைப் பூரிக்கட்டையால் அடித்து உடைக்கப் பார்க்காதீர்கள், என் முதல் பெட்டியில் அப்படித்தான் விரிசல் விட்டது. நன்றாகத் துடைத்து, ஈரமே இல்லாமல் காய வைத்து, பெட்டியின் பின்னால் உள்ள கொக்கி மோட்டாரின் கவையோடு பொருந்துமாறு வையுங்கள். பொருந்தாவிட்டால் கவையைக் கால் சுற்றுத் திருப்பினால் உட்காரும்.

இப்போதெல்லாம் மின்தடை அறிவிப்பு வந்த முந்தின ராத்திரியே ஐஸ் மேக்கரை அணைத்து, ஐஸை எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃப்ரீசரின் அடித்தட்டில் வைத்துவிடுகிறேன். கரண்டே போகாவிட்டாலும் யாரும் எடுக்காத ஐஸ் வாரக்கணக்கில் கிடந்தால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பெட்டியைக் காலி செய்துவிடுங்கள்.

சுழலும் சத்தம் நன்றாகக் கேட்கிறது, ஐஸ் விழவில்லை. பெட்டியின் பின்பக்கம் குவிந்து, முன்பக்கம் காலியாக இருக்கலாம். கையால் சமப்படுத்துங்கள். இல்லையென்றால் வெளியே விழும் வழியில் ஐஸ் துண்டு சிக்கியிருக்கும். மரக் கரண்டிக் காம்பால் தட்டிவிட்டால் போதும்.

## அறிகுறி: டிஸ்பென்சர் வாயில் நீர் கோத்துச் சொட்டுகிறது, உள்ளே பனி படிகிறது

ஐஸ் விழும் வழியில் ஒரு மடல் மூடி இருக்கும். ஐஸ் விழுந்த சில விநாடிகளில் அது தானாக மூட வேண்டும். மூடாவிட்டால் வெளிக்காற்று உள்ளே போய்ப் பனியாகும், அடுத்து பெட்டியில் உள்ள ஐஸ் ஒட்ட ஆரம்பிக்கும். ஏற்காட்டில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே நுழையும் நாட்களில் இது இரண்டு மடங்கு.

டார்ச் அடித்துப் பாருங்கள். மடலின் ஓரத்தில் ஐஸ் துணுக்கு சிக்கியிருப்பதுதான் பெரும்பாலும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, துடைத்து, விரலால் ஆட்டிப் பாருங்கள். ரப்பர் ஓரம் கிழிந்திருந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ மடலை மாற்ற வேண்டும். சில மாடல்களில் கதவின் முன்பலகையைக் கழற்ற வேண்டியிருக்கும். அந்தக் கிளிப்புகளை நான் ஒரு முறை உடைத்தவள் என்பதால் இதை நானாகச் செய்வதில்லை.

## அறிகுறி: முழு ஐஸ் கேட்டால் தூள் வருகிறது

மாற்றி அழுத்தியதும் முதலில் கொஞ்சம் பழைய தூள் வருவது இயல்பு. தொடர்ந்து தூளே வந்தால் பெட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டுங்கள், வழிமாற்றும் தகட்டில் ஐஸ் சிக்கியிருக்கும். அதற்கும் மாறாவிட்டால் அந்தத் தகட்டை இழுக்கும் சோலினாய்டு (மின்காந்தம்) பழுது. அவசரம் இல்லை, நன்னாரி சர்பத்துக்குத் தூள் ஐஸ்தான் பொருத்தம்.

## அறிகுறி: ஐஸ் உருகியதும் வெள்ளைத் துகள் மிதக்கிறது, நாறுகிறது

வெள்ளைத் துகள் என்றால் கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் மக்னீசியமும். உறையும்போது உப்பை வெளியே தள்ளிவிட்டுத்தான் தண்ணீர் ஐஸாகும், தள்ளப்பட்டது நடுவில் சேரும். கிளாஸில் பார்க்க அசிங்கமாக இருக்கும், வால்வுக்கும் ஆகாது. இந்திய தர நிர்ணயத்தில் குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்று வைத்திருக்கிறார்கள். பிரிட்ஜில் உள்ள ஃபில்டர் குளோரின் வாடையை எடுக்கும், உப்பை எடுக்காது. போர் தண்ணீர் மட்டும்தான் வருகிறது என்றால் ஆர்.ஓ. தண்ணீரையே ஐஸுக்குக் கொடுங்கள்.

நாற்றம் என்றால் முதலில் ஃப்ரீசரில் மூடாத கருவாட்டைத் தேடுங்கள். அப்புறம் பழைய ஃபில்டர். அப்புறம் பெட்டியைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவுங்கள்.

## அறிகுறி: பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிறது

முதலில் குழாயை மூடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். டியூப் முனை கோணலாக வெட்டப்பட்டிருந்தால் ஒழுகும். பிளேடால் நேராக வெட்டி, கடைசி வரை அழுத்திச் சொருகுங்கள். டியூபில் பல் தடம் இருந்தால் எலி. நசுங்கிய துண்டை வெட்டிவிட்டு நேர் இணைப்பான் போடுவது பத்து நிமிட வேலை. ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போன பிரிட்ஜ் என்றால் உள்ளிணைப்புகளும் தளர்ந்திருக்கலாம். நின்ற நிலையில் கொண்டுபோய், சில மணி நேரம் அப்படியே விட்டு, ஒழுகலைப் பார்த்த பிறகே சுவரோடு தள்ளுங்கள்.

## இதற்கு மேல் கை வைக்காதீர்கள்

கதவைத் தொட்டால் சுள்ளென்று இருந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். பிரிட்ஜை விட்டுவிட்டு, வீட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கத்தி, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம் என்றேனே, காரணம் ஃப்ரீசர் சுவருக்குப் பின்னால் ஓடும் மெல்லிய கேஸ் குழாய். ஸ்டிக்கரில் ஆர் 600ஏ என்று இருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், எரியும் வாயு. குத்தினால் ஐஸ் மேக்கரோடு பிரிட்ஜும் போகும். ஹேர் டிரையரைச் சூட்டில் வைத்து ஐஸை உருக்குவதும் வேண்டாம், மெழுகுவத்தியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. கேஸ், கம்ப்ரசர், போர்டு மூன்றும் வீட்டு வேலை இல்லை. வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் மூடித் திருகைக்கூடத் தொடாதீர்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது "ஐஸ் வரல" என்று மட்டும் சொல்லாதீர்கள். மாடல் எண், ஃப்ரீசரின் காலை வெப்பநிலை, கிளாஸ் நிரம்பும் விநாடி, தட்டு காய்ந்திருந்ததா நிறைந்திருந்ததா, என்ன சத்தம் கேட்டது என்று ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதிவைத்துப் படியுங்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஆள் ஏறி வர அரை நாள் போகும், சரியான பாகம் கையில் இல்லாமல் வந்தால் இன்னொரு அரை நாள். போன மே மாதம், கோடை விழாக் கூட்டம் அறை நிறைய இருந்தபோது அக்கா அந்தச் சீட்டைப் போனில் படித்தாள். மெக்கானிக் வால்வோடு வந்தார், மதியச் சாப்பாட்டுக்கு முன் இறங்கிப் போய்விட்டார்.